அப்பாவுக்கு உணவுக்குழாய் அறுவை சிகிச்சை, ஆபத்து அதிகம் என்கிறார்கள். இடைப்பட்ட வாரங்களில் நாங்கள் என்ன செய்யலாம்?

நாகலூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். சேர்வராயன் மலையில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. அப்பாவுக்கு 66 வயது. காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தவர். சென்ற ஆண்டு வரை சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாய்த்து மிளகு பறித்தவர். தீபாவளி சமயத்தில் இட்லி நெஞ்சில் நிற்கிறது என்றார். தண்ணீரைக் குடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். பொங்கலுக்குள் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயின் நடுப்பகுதியில் கட்டி தெரிந்தது. சதைப் பரிசோதனையில் ஸ்குவாமஸ் வகைப் புற்றுநோய் என்று வந்தது.

சேலத்தில் கதிர்வீச்சும் அதனோடு வாரம் ஒரு கீமோவும் கொடுத்து முடித்துவிட்டார்கள். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து அறுவை சிகிச்சை. நெஞ்சு வழியாக உணவுக்குழாயை எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய்போல் தைத்து மேலே இழுத்துக் கழுத்தில் இணைப்பார்களாம்.

58 கிலோ இருந்தவர் இப்போது 46 கிலோ. சர்க்கரை நோய் உண்டு. இளவயதிலிருந்தே பீடி. இதயத்துக்கு எக்கோ எடுத்ததில் குறையில்லை, ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனையில்தான் அளவு குறைவாக வந்திருக்கிறது. "கட்டியை எடுத்துவிடுவேன். அதற்குப் பிந்தைய பத்து நாள்தான் எனக்குக் கவலை" என்று அறுவை மருத்துவர் வெளிப்படையாகவே சொன்னார்.

வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார் பெரியப்பா. தெம்பைச் சேர்த்து வைக்க வேண்டும் என்று அம்மா அவரைக் கட்டிலை விட்டு இறங்கவே விடுவதில்லை. தம்பி சென்னைக்கே போய்விடலாம் என்கிறான். அந்தப் பத்து நாள் ஆபத்தைக் குறைக்க, இப்போது கையில் இருக்கும் வாரங்களில் நாங்கள் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா? இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்.


குகைத் தறிவீடு:

அண்ணா, என் அம்மாவுக்கு இதே அறுவை நடந்தது. இப்போது நன்றாக இருக்கிறார். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடிச் சோறுதான், ஆனால் நாளைக்கு ஆறு வேளை சாப்பிடுகிறார். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது. கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறோம், இல்லாவிட்டால் உண்டது எதுக்களித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அறுவைக்குப் பிறகு சில மாதம் குரல் கம்மியிருந்தது. குரல் நரம்பு உணவுக்குழாயை ஒட்டியே போவதால் அப்படி ஆகுமாம். மெல்லத் திரும்பிவிட்டது.

செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா? குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், புற்றுநோய் அறுவையும் அதில் உண்டு. அட்டை இல்லையென்றால் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போய்விடுங்கள். அறுவைத் தேதி வந்த பிறகு அலைவது பெரும்பாடு.


அஸ்தம்பட்டி மூச்சுப்பயிற்சி அக்கா:

தம்பி, சேலத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நெஞ்சைத் திறந்த நோயாளிகளை இரும வைப்பதும் எழுப்பி உட்கார வைப்பதும்தான் என் வேலை. அதனால் எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து நேராகச் சொல்கிறேன். உங்கள் அம்மாவின் பாசம் புரிகிறது. ஆனால் இன்றைக்கே அப்பாவைக் கட்டிலிலிருந்து இறக்குங்கள்.

படுத்திருப்பவருக்குத் தெம்பு சேராது. நாளுக்கு நாள் தொடைச் சதை கரையும், மூச்சு இழுக்கும் தசையும் அதோடு சேர்ந்து கரையும். இந்த அறுவையின்போது வழக்கமாக ஒரு பக்க நுரையீரலைச் சுருங்க விட்டுத்தான் வேலை செய்வார்கள். முடிந்ததும் அது மறுபடி முழுதாக விரிய வேண்டும். விலாவில் வலி இருப்பதால் நோயாளி ஆழ மூச்சு இழுக்க மாட்டார், இரும மாட்டார். சளி அடியில் தங்கிவிடும். மூன்றாம் நாள் காய்ச்சல் அடிக்கும், எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் வெளுத்துத் தெரியும், மறுபடியும் வென்டிலேட்டர். நான் பார்த்தவரை, தையல் நன்றாக இருந்தும் நோயாளி கைநழுவிப் போனதெல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான். உங்கள் மருத்துவர் சொன்ன பத்து நாள் கவலையில் பெரும்பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

நடையை இன்றே தொடங்குங்கள். உங்கள் ஊரில் சமதரை கிடைப்பதே அரிது, அதுவும் நல்லதற்குத்தான். முதலில் வாசலிலிருந்து இறக்கம் இல்லாத பக்கமாகக் கொஞ்ச தூரம், பிறகு சிறு ஏற்றம். நடக்கும்போது அவரால் பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. அதுதான் அளவு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உட்கார்ந்துவிட வேண்டும், அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மழையாக இருந்தால் வீட்டிலேயே நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

மருந்துக் கடையில் மூன்று உருண்டைகள் உள்ள மூச்சுப்பயிற்சிக் கருவி கிடைக்கும். வாங்கி வந்தவுடன் எல்லோரும் அதை ஊதுவார்கள். அது ஊதுவதற்கு இல்லை, இழுப்பதற்கு. நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதாக வெளியே விட்டு, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்து மூன்று உருண்டைகளையும் தூக்கி அடிப்பதில் பயனில்லை. முதல் உருண்டை எழும்பி இரண்டு மூன்று நொடி மேலேயே நிற்க வேண்டும். அப்போதுதான் காற்று அடிப்பகுதி வரை போயிருக்கிறது என்று பொருள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் பத்துத் தடவை, நடுநடுவே ஓய்வு கொடுத்துச் செய்யட்டும்.

இருமலையும் இப்போதே பழக்குங்கள். ஒரு தலையணையை நெஞ்சோடு இறுகக் கட்டிக்கொண்டு, ஆழ மூச்சு இழுத்து, வாயைத் திறந்து கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் "ஹா" என்று இரண்டு மூன்று முறை வேகமாக விட வேண்டும். சளி மேலே வந்தபின் ஒரே இருமல். வலியில் துடிக்கும் நேரத்தில் இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க முடியாது. முன்பே கைவந்தவர்கள் அறுவை முடிந்த மறுநாள் காலையே செய்துவிடுகிறார்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

பீடி. எப்போது விட்டாலும் பயன் உண்டு, நான்கு வாரத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மிக நல்லது. அறுவைக்கு முன் திடீரென்று விட்டால் சளி கட்டிக்கொள்ளும் என்று யாராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். குடிப்பழக்கம் இருந்தால் மயக்க மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மாமனார் மரியாதை, ஊர் மரியாதை என்று இதை மறைத்து, அறுவை முடிந்த இரண்டாம் மூன்றாம் நாளில் நோயாளி கைநடுங்கி, பிதற்றி, குழாய்களைப் பிடுங்கி எறிந்ததைப் பார்த்திருக்கிறேன். முன்பே தெரிந்திருந்தால் மருந்து கொடுத்துத் தடுத்திருப்பார்கள்.

வாயைச் சுத்தமாக வைத்திருப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பற்களில் இருக்கும் கிருமிதான் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. இரண்டு வேளையும் மென்மையான பிரஷ், மருத்துவர் எழுதிக் கொடுக்கும் வாய் கொப்பளிக்கும் மருந்து, வெற்றிலை புகையிலை இருந்தால் அதற்கு முழுக்கு. ஆடும் பல்லோ சொத்தைப் பல்லோ இருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 12 கிலோ இறங்கியிருக்கிறார், அதாவது உடம்பில் ஐந்தில் ஒரு பங்கு. சதை இல்லாத உடம்பில் தையல் கூடுவது கடினம். அரிசிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், சதையைக் கொடுக்காது. கேழ்வரகுக் கூழில் வறுத்த பொட்டுக்கடலை மாவு, வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்கி வழுவழுவென்று அரைத்த விழுது, வேகவைத்த முட்டையைப் பாலோடு மிக்சியில் அடித்தது, கெட்டித் தயிர், நன்றாகக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். எல்லாவற்றையும் வடிகட்டிக் கொடுங்கள். வெல்லமும் சர்க்கரையும் போடாமல் ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ சேர்த்தால் அதே டம்ளரில் சக்தி கூடும். 46 கிலோ உடம்புக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,400 கலோரியும் 60, 70 கிராம் புரதமும் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது என்றால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். கதிர்வீச்சு முடிந்த புதிதில் உள்ளே புண்ணாக இருக்கும், வெதுவெதுப்பாக மட்டுமே கொடுங்கள். மலையில் குளிருக்குக் காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் வழக்கம் உண்டு, அதை வீட்டில் எல்லோருமே விட்டுவிடுவது நல்லது. 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள் உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2016இல் அறிவித்திருக்கிறது.

வாரம் ஒரு நாள், ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். தோட்டத்தில் காப்பிப் பழம் போடும் தராசாக இருந்தாலும் சரி. எடை இன்னும் இறங்கினால் வாய் வழியாகப் போவது போதவில்லை என்று பொருள். அப்போது குழாய் வழி உணவு பற்றி நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள்.


ஓமலூர் மயக்க மருத்துவர்:

அக்கா சொன்னதில் பெரும்பாலும் எனக்கு உடன்பாடு. ஓரிடத்தில் மட்டும் ஒரு திருத்தம். மூச்சு இழுக்கும் தசைக்குத் தனிப் பயிற்சி கொடுத்தால் நிமோனியா குறையுமா என்று உணவுக்குழாய் அறுவை நோயாளிகளிடமே சோதித்து, 2018இல் நெதர்லாந்துக்காரர்கள் முடிவை வெளியிட்டார்கள். தசையின் வலு கூடியது, நிமோனியா குறையவில்லை. எனவே கருவியை வாங்கியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். நடை, உணவு, பீடியை விடுவது, அறுவை முடிந்ததும் எழுந்து உட்காருவது, இவை எல்லாம் சேர்ந்தால்தான் பலன் எதிர்பார்க்கலாம்.

மருத்துவமனைத் தரப்பில் நீங்கள் கேட்க வேண்டியவை சில உண்டு. துளை வழியாகச் செய்வீர்களா, திறந்து செய்வீர்களா என்று கேளுங்கள். 2012இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வில், முதல் இரண்டு வாரத்துக்குள் நுரையீரல் தொற்று வந்தவர்கள் திறந்த அறுவையில் 29 சதவீதம், துளை வழி அறுவையில் 9 சதவீதம். உங்கள் அப்பாவைப் போன்ற நுரையீரலுக்கு இது பெரிய வித்தியாசம். வலி நிவாரணத்துக்கு முதுகு வழிக் குழாய் வைப்பார்களா என்று கேளுங்கள். வலி அடங்கினால்தான் அக்கா சொல்லும் இருமல் சாத்தியம். ரத்தசோகை இருந்தால் இப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவையும் பாருங்கள்.

சேலமா சென்னையா என்பதற்கு ஊரை வைத்துப் பதில் இல்லை. இந்த அறுவையை அடிக்கடி செய்யும் குழு எங்கே இருக்கிறதோ அங்கே செய்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டு ஆவணங்களை ஆராய்ந்து 2002இல் வந்த ஆய்வில், இதை மிக அரிதாகச் செய்யும் மருத்துவமனைகளின் இறப்பு விகிதம், அதிகமாகச் செய்யும் இடங்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. அறுவை மருத்துவரின் கை மட்டும் காரணம் என்று எண்ணாதீர்கள். இரைப்பைக் குழாயின் மேல்முனைக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் இணைப்பு கசியும். அந்தக் கசிவை இரவு இரண்டு மணிக்குச் சந்தேகித்து, உடனே ஸ்கேன் எடுத்து, வடிகுழாய் வைக்கத் தெரிந்த செவிலியரும் மருத்துவரும் இருக்க வேண்டும். "ஆண்டுக்கு எத்தனை செய்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று. கதிர்வீச்சுக்குப் பிறகு கட்டியே தெரியாமல் போயிருக்கவும் கூடும். கீமோவையும் கதிர்வீச்சையும் முன்னால் கொடுத்துப் பிறகு அறுக்கும் முறையை நிலைநாட்டிய 2012ஆம் ஆண்டு டச்சு ஆய்வில், ஸ்குவாமஸ் வகை நோயாளிகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு, வெட்டி எடுத்த உணவுக்குழாயில் புற்றுநோய் அணுவே மிச்சமில்லை. அதன் தொடர்ச்சியாக, மீதமில்லை என்று பரிசோதனைகளில் தெரிந்தவர்களை உடனே அறுக்காமல் கண்காணித்து, திரும்பினால் மட்டும் அறுப்பது பற்றிய ஆய்வு 2025இல் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் அந்தப் பிரிவில் குறையவில்லை. ஆனால் அந்தக் கண்காணிப்பு கண்டிப்பானது, எண்டோஸ்கோப்பி, சதைப் பரிசோதனை, பெட் ஸ்கேன் என்று தவணை தவறாமல் வர வேண்டும். அறுவையைத் தாங்கவே மாட்டார் என்று முடிவானால் கதிர்வீச்சும் கீமோவுமே முழுச் சிகிச்சையாக நிற்கும் வழியும் உண்டு. அறுவைக்கு முன் மறு எண்டோஸ்கோப்பி எடுக்கும் நாளில் இந்தக் கேள்வியை முன்வையுங்கள்.

பெரியப்பாவிடம் சொல்லுங்கள், கத்தி பட்டதால் பரவுவதில்லை. அறுக்கும் முன்பே கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருந்தால்தான் பின்னால் தெரியவரும். அதைப் பார்க்கத்தான் ஸ்கேன்.


நாகலூர்க்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. அம்மாவிடம் அக்கா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது அவரே துண்டை எடுத்துக்கொண்டு அப்பாவோடு நடக்கிறார். கருவியில் முதல் உருண்டை எழும்புகிறது, நிற்கவில்லை. பீடிக் கட்டை அப்பாவே பெரியப்பாவிடம் கொடுத்துவிட்டார், அவரும் வீட்டுக்குள் பிடிப்பதை விட்டுவிட்டார்.

எடைதான் ஏறவில்லை. அரை டம்ளருக்கு மேல் இறங்குவதில்லை. கேட்டதற்கு, மூக்கு வழியாகவோ வயிற்றில் சிறுகுடலிலோ குழாய் வைக்கலாம் என்றார்கள். வயிற்றில் துளை என்றதும் அப்பா மறுக்கிறார். அங்கே ஏற்கெனவே ஒரு துளை போட்டால் பிறகு அறுவைக்கு இடைஞ்சல் ஆகாதா? குழாய் வைத்துக்கொண்டு மலைக்கு வரலாமா?


அஸ்தம்பட்டி மூச்சுப்பயிற்சி அக்கா:

தம்பி, அம்மா நடக்கிறார் என்பதைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். மருத்துவரின் திருத்தமும் சரிதான். கருவியை மட்டும் நம்பி யாரையும் நான் விட்டதில்லை. உருண்டை நிற்காததற்குக் கவலைப்பட வேண்டாம், மூச்சை முழுதாக வெளியே விடாமல் இழுக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணமாக இருக்கும்.

குழாய் பற்றிய உங்கள் ஐயம் நியாயமானது. இரைப்பையில் துளை போடுவதைத்தான் அறுவை மருத்துவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள், அந்த இரைப்பைதான் நாளை புது உணவுக்குழாய் ஆகப்போகிறது. அவர்கள் உங்களிடம் சொன்னது சிறுகுடல். அங்கே வைப்பதால் இரைப்பைக்குக் கேடில்லை. அறுவை முடிந்து வாயால் சாப்பிட முடியாத நாட்களிலும் அதே குழாய் கைகொடுக்கும். அறுவை வரை சில வாரம்தான் என்றால் மூக்குக் குழாயே போதலாம், எது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். குழாயைப் பார்த்துத் தோற்றுப்போனதாக அப்பா எண்ணுகிறார் என்று நினைக்கிறேன். ஆண்களிடம் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். குழாய் வைத்தவர் ஒருவரை அந்த வார்டிலேயே காட்டச் சொல்லுங்கள், நேரில் பேசினால் மனம் மாறும்.

குழாய் வைத்ததும் ஆசையில் ஒரே நாளில் அதிகமாகக் கொடுத்துவிடக் கூடாது. பல நாள் அரைப்பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரசரவென்று இறங்கும், இதயத் துடிப்பே தடுமாறும். முதல் சில நாள் மருத்துவமனையிலேயே வைத்து, வைட்டமின் பி1 கொடுத்து, ரத்தம் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள். அதுவரை வீட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள். சிறுகுடல் குழாய் மிக மெல்லியது. வீட்டுக் கூழை அதில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும், அவர்கள் சொல்லும் கரைசல் மாவு மட்டும்தான். ஒவ்வொரு முறை கொடுத்த பின்னும் சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றிக் கழுவிவிடுங்கள். அளவு பழகிய பிறகு மலைக்குத் தாராளமாக வரலாம்.

அறுவை முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் உடனே மேலே ஏறாதீர்கள். காய்ச்சல், நெஞ்சு படபடப்பு, மூச்சிரைப்பு, கழுத்துத் தையலில் சிவப்பு, இவற்றில் எது வந்தாலும் நேரம் கடத்தாமல் மருத்துவமனைக்குள் இருக்க வேண்டும். நாகலூரிலிருந்து ஏற்காடு வந்து, இரவில் 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வருவதற்குள் நிலைமை மாறிவிடும். முதல் பரிசோதனை முடியும்வரை சேலத்திலேயே, முடிந்தால் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்குங்கள்.


குகைத் தறிவீடு:

அண்ணா, தங்க இடம் இல்லையென்றால் இங்கே தனிச்செய்தி அனுப்புங்கள். எங்கள் வீட்டில் தறி நிறுத்திவிட்ட முன்னறை ஒன்று காலியாக இருக்கிறது. மாடிப்படி இல்லை, கழிப்பறை ஒட்டியே இருக்கிறது. அம்மாவுக்கு உயர்த்திய கட்டிலைப் போலவே இன்னொன்றும் போட்டுவிடலாம். அப்பாவோடு பேச அம்மாவும் தயாராக இருக்கிறார், குழாய் அவருக்கும் இருந்தது.